அடைப்பு வீட்டு விலாசம்

கோயம்புத்தூர் வேலை கோகிலவாணியின் கைக்கு வந்து, நழுவப் பார்த்தது. அவள் பொய் விலாசம் எதுவும் கொடுக்கவில்லை. சொந்த வீட்டு விலாசத்தைத்தான் கதவு எண் முதற்கொண்டு சுத்தமாக எழுதியிருந்தாள். அந்த வீட்டில் இப்போது ஆள் குடியிருக்கக் கூடாது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாள். எழுதுவதற்கு விண்ணப்பத்தில் கட்டமும் இல்லை.

தியாகதுருகத்துக் கோட்டை மலை மேலிருந்து பார்த்தால் தெரிகிற காலனியில், கடைசி வரிசையில் இருக்கிறது அந்த வீடு. வாணி பிறந்தது மணலூர்பேட்டைப் பக்கம், ஊர் ஊராகப் போய்க் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளுடைய முன்கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். அந்தக் கையால்தான் பிற்பாடு லேப் படிப்புப் படித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். "வாணி ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று அவளைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அப்படிக் காய்ச்சலோடு வந்தவன்தான் இளஞ்செழியன். கல்வராயன் மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மினி லாரி ஓட்டுகிறவன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையால் வண்டியைத் திருப்புகிற ஆம்பளை, ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகவே, காய்ச்சல் விட்ட பிறகும் வந்து வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்தான். அப்புறம் கல்யாணம், பிறகு மகள் இலக்கியா. வாணியின் அண்ணன் வீரமுத்துவும் அதே ஊரில் பெண் எடுத்து அடுத்த தெருவில் குடியிருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லாத பிழைப்பாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பங்குனி கடைசியில் ஒரு காலை. "நெஞ்சு கரிக்குது வாணி. வாயுவா இருக்கும். ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும்" என்றான் அவன். லேப்பில் வேலை செய்கிற பெண்டாட்டிக்கு நாலும் தெரியும் இல்லையா, "சாயங்காலம் வந்து கூட்டிக்கினு போயி ஈசிஜி எடுத்துடலாம், படுத்துக்கினு இரு" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். குழந்தையை அப்போதுதான் பள்ளிக்கூட வேனில் ஏற்றி அனுப்பியிருந்தாள். தெருமுனைக்குப் போகும்போது பஸ் வருகிற சத்தம். பின்னாலிருந்து, வீட்டுக்குள்ளிருந்து, அவன் குரல்.

"வாணி!"

ஒரே ஒரு தடவை. சாவியையோ எதையோ கேட்கிறான், முக்கியம் என்றால் இன்னொரு தடவை கூப்பிடுவான் என்று நினைத்தாள். இன்னொரு தடவை கூப்பிடவில்லை. அவள் பஸ் ஏறிவிட்டாள். லேப்பில் முதல் ஆளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான். அன்றிலிருந்து அந்தக் குரலை அவள் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும்போது கேட்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது கேட்கும். பட்டப்பகலில், பத்துப் பேருக்கு நடுவில், முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். ஒரு தடவைதான்.

சாவு ஒன்று போதாதென்று நட்சத்திரமும் சேர்ந்துகொண்டது. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அவிட்டத்தில் போயிருக்கிறான், ஆறு மாசம் அடைப்பு என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூடாத நட்சத்திரத்தில் உயிர் போனால் அது வீட்டை விட்டுப் போகாது. உள்ளேயே சுற்றும். அதனால் வீட்டைப் பூட்டிவிட வேண்டும். யாரும் உள்ளே புழங்கக் கூடாது. தினமும் சாயங்காலம் வாசற்படியில் விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கெடு முடிந்த பிறகு, முறையாகச் சாந்தி செய்து திறக்கலாம். அதற்கு முன்னால் திறந்தால், வெளியே வருகிறவன் தனியாகப் போகமாட்டான், வீட்டு ஆள் ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டு போவான்.

வாணியும் குழந்தையும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். மாமியார் பெரியம்மாள் மட்டும் எங்கும் போகமாட்டேன் என்று வீட்டுக்குப் பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகையில் தங்கிவிட்டாள். பூட்டின சாவி அவளுடைய முந்தானை முடிச்சில். பெரியம்மாள் நாத்து நடவுக்கும் களைக்கும் போகிறவள், பேச்சு கம்மி. மகன் போன பிறகு அதுவும் போயிற்று. ஆனால் எதிர்வீட்டுச் செல்லியம்மாள் வேறு ஒன்று சொன்னாள். உச்சி வெயிலில், தெருவே காலியாகக் கிடக்கிற நேரத்தில், பூட்டின வீட்டுக்குள் பேச்சுக்குரல் கேட்கிறதாம்.

"சத்தியமா சொல்றேன் வாணி. தட்டு வெக்கிற சத்தம் கூடக் கேட்டுது. ஒம்புருஷன் உள்ளதான் இருக்கான்."

வாணிக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் விளக்கு ஏற்றிவிட்டு வேகவேகமாகப் படி இறங்குவாள். பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றுகொண்டு, அன்றைக்குக் கேட்க வந்ததை இன்றைக்குக் கேட்டுவிடுவானோ என்று இருக்கும். இந்த ஊரில் இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவனை இங்கேயே விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு, தன்னை யாரும் வாணி என்று கூப்பிடாத ஊருக்குப் போய்விட வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது அவளுக்கு.

மத்தியானம் லேப்பில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போனை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். ஓசூர், ஈரோடு, திருப்பூர் என்று அவள் போடாத ஊர் இல்லை. ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வீடியோ காலில் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுக்கிற அறையில் உட்கார்ந்து பேசினாள். கூட வேலை பார்க்கும் ரம்யா கதவுக்கு வெளியே காவல் நின்றாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. "ஹஸ்பண்ட் என்ன பண்றார்?" என்று கேட்டபோது உண்மையைச் சொன்னாள். அந்தப் பக்கத்து முகங்கள் மாறின. அய்யோ பாவம் என்றார்கள். நைட் டியூட்டி இருக்குமே, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், புது ஊரில் தனியாக எப்படி என்றார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. ஈரோட்டிலும் அதே இரக்கம், அதே முடிவு.

"அக்கா, பாவம்னு சொன்னவங்க யாராச்சும் வேல குடுத்திருக்காங்களா?" என்றாள் ரம்யா. "கல்யாணம் ஆனவங்கன்னு போடு. ஆனது நெசந்தான?"

நிசந்தான். கோயம்புத்தூருக்குப் போட்ட விண்ணப்பத்தில் அப்படித்தான் போட்டாள். கணவர் பெயர் இளஞ்செழியன். தொழில் ஓட்டுநர். வீடியோவில் கேட்டபோது நாக்கு தடுமாறவே இல்லை.

"மலையில லோடு ஓட்றாருங்க. நான் வந்து சேந்ததும் பின்னாடியே வந்துடுவாருங்க."

வேலை கொடுத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி என்றார்கள். அவள் கொடுத்த விலாசத்தில் அவள் குடும்பத்தோடு இருக்கிறாளா என்று ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அண்ணன் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இருந்தது அந்த விலாசம். அதைவிட, தினம் தினம் விளக்கு ஏற்றுகிற வீட்டை யாரும் இல்லாத வீடு என்று நினைக்க அவளுக்குப் பழகியிருக்கவில்லை.

ஆள் விழுப்புரத்திலிருந்து பைக்கில் வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. வாணி லேப்பில் இருந்தாள், பெரியம்மாள் களைக்குப் போயிருந்தாள். கதவில் பூட்டு, நிலையில் காய்ந்த வேப்பிலை, படியில் எண்ணெய்ப் பிசுக்கோடு அகல். எதிர்வீட்டில் விசாரித்திருக்கிறார். செல்லியம்மாள் ஒளிவுமறைவு தெரியாத பொம்பளை.

"அது அடைப்பு வூடுங்க. அங்க யாரும் இல்ல. ஒருத்தன் இருக்கான், அவன் வெளிய வரமாட்டான்."

மனுஷன் இன்னொரு கேள்வி கேட்கவில்லையாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில்தான் ஸ்டார்ட் செய்தாராம்.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "அந்த அட்ரஸ்ல ஆளே இல்லைன்னு வந்திருக்குங்க மேடம். இன்னொரு வாட்டி அனுப்பறோம். கதவு திறந்திருக்கணும், நீங்க வாசல்ல நிக்கற மாதிரி போட்டோ எடுப்பாங்க, வீட்டு ஆளுங்க யாராச்சும் பேசணும். இதுவும் சரியா வரலைன்னா ஆர்டர் கேன்சல் ஆயிடுங்க."

ஆவணி நடந்துகொண்டிருந்தது. கெடு முடிய இன்னும் நாள் கிடந்தது. வாணி கொட்டகைக்குப் போய் மாமியார் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்த, ஒரு அரை மணி நேரம் கதவத் தொறக்கணும். போட்டோ எடுத்ததும் பூட்டிடலாம்."

பெரியம்மாள் முந்தானை முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டாள். "தொறந்தா வெளிய வருவான். வந்தா சும்மா போவமாட்டான். ஒனக்குன்னு ஒரே பொண்ணு இருக்குது, அத நெனச்சிக்கினியா?"

"அதுக்காகத்தான் அத்த கேக்குறன்."

"வேல எங்கியும் ஓடிப் பூடாது. கெடு முடியட்டும்."

அவ்வளவுதான். வாணி அண்ணன் வீட்டுக்கு வந்து, பாயில் படம் வரைந்துகொண்டிருந்த இலக்கியாவைப் பார்த்தாள். நம்பிக்கை இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாலும், குழந்தையின் நெற்றியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவளால் மூச்சு விட முடிந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

இரண்டாம் தடவை வேறொரு ஆளை அனுப்பினார்கள், அவர் முன்கூட்டியே போன் செய்தார். மத்தியானம் வருவேன் என்றார். வாணி லீவு சொல்லிவிட்டு வெயிலில் ஓடினாள். கொட்டகையில் பெரியம்மாள் இல்லை. களைக்கும் போகவில்லை, களைக்கொத்து மூலையில் கிடந்தது. பூட்டை உடைத்துவிடலாமா என்று கல்லைத் தேடிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தவள், அப்படியே நின்றாள்.

உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

செல்லியம்மாள் பொய் சொல்லவில்லை. தட்டு வைக்கிற சத்தமும் கேட்டது. திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் வாணிக்கு இருந்தது. அன்றைக்குத்தான் திரும்பிப் பார்க்கவில்லை, இன்றைக்குமா என்று நினைத்தாள். பின்கதவில் கையை வைத்தாள். தாழ் போட்டிருக்கவில்லை.

பெரியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒரு தட்டில் சோறு, கருவாட்டுக் குழம்பு. தரை பெருக்கித் துடைத்திருந்தது. அவன் லுங்கி மடித்துக் கட்டில் மேல் இருந்தது. சுவரில் நாள்காட்டி அன்றைய தேதி வரைக்கும் கிழித்திருந்தது. ஊருக்கே அடைப்பைக் காவல் காத்தவள், நாள் தவறாமல் உள்ளே வந்து மகனுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"இன்னா அத்த இது?" என்றாள் வாணி.

பெரியம்மாள் பதறவில்லை. மாட்டிக்கொண்ட முகமும் இல்லை. "பசி தாங்கமாட்டான் வாணி" என்றாள். "நான் பெத்தவ. என்னிய இன்னா பண்ணிடப் போறான்? வந்தா வரட்டும், என்னியக் கூட்டிக்கினு போவட்டும்னுதான் வரேன். கூட்டிக்கினும் போவமாட்றான். இங்கியே ஒக்காந்துக்கினு இருக்கான். கெடு முடிஞ்சி தொறந்துட்டா ஒரேடியாப் பூடுவானேடி."

வாணிக்கு அழுகை வந்தது. மாமியாரைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டியபோது, வாசல் பக்கத்திலிருந்து கூப்பிடுகிற சத்தம்.

"கோகிலவாணி!"

ஆம்பளைக் குரல். ஒரு தடவை. பெரியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை மட்டும் கூப்பிடுகிற குரலுக்குப் பதில் சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். வெளியே இருந்தவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பூட்டைப் பார்த்திருக்க வேண்டும். செருப்புச் சத்தம் படியிலிருந்து இறங்கியது. போகிறார். அன்றைக்கு அந்தக் குரல் எப்படி நின்றுபோனதோ அப்படியே இதுவும் நிற்கப் போகிறது என்று தோன்றியதும் வாணியின் வயிற்றிலிருந்து சத்தம் கிளம்பியது.

"இதோ வரேன்!"

வீடே அதிர்ந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத் தெருமுனையில் சொல்லியிருக்க வேண்டிய சொல். பெரியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். "நீ வரேன்னுட்ட. இனிமே பூட்டி இன்னா, தொறந்து இன்னா" என்றாள்.

வாணி சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். பின்பக்கமாகத்தான் புழங்குகிறோம் என்று அந்த ஆளிடம் சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தாள். கதவு முனகிக்கொண்டு அகன்றது. எதிர்வீட்டில் செல்லியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, விளையாடிக்கொண்டிருந்த தன் பேரப்பிள்ளையை இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் போட்டோ எடுத்தார். படத்தில் வாணி நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் இருட்டாக வீடு.

"வூட்ல யாரு யாருங்க இருக்கீங்க?"

உள்ளேயிருந்து பெரியம்மாள்தான் பதில் சொன்னாள். "நானு, எம்மருமவ, பேத்தி, எம்புள்ள."

"புள்ள எங்கம்மா? கூப்புடுங்க, ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

பெரியம்மாள் வாணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாணி இன்னும் மறக்கவில்லை. இதை நீதான் சொல்ல வேண்டும் என்கிற பார்வை. செத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வேலையும் முடிந்திருக்கும்.

"மலைக்குப் போயிருக்காருங்க" என்றாள் வாணி. "லோடு ஏத்திக்கினு வரணும்."

"எப்ப வருவாரு?"

"வந்துடுவாருங்க."

அவர் போனில் ஏதோ தட்டினார். சரிங்க, முடிஞ்சது என்று வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கெடு முடிகிறவரை காத்திருக்க முடியாதபடி சேர வேண்டிய தேதி முன்னால் வந்தது. அண்ணன் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பெரியம்மாளையும் கூப்பிட்டுப் பார்த்தாள் வாணி. சோறு யார் போடுவது என்று கேட்டுவிட்டு அவள் கொட்டகைக்குப் போய்விட்டாள். பஸ் ஊரைத் தாண்டியபோது வாணி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விட்டது சனியன் என்றுகூட மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் பெயர் கோகிலா. நல்ல இடம். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்பதும் நின்றுபோயிற்று. ஆனால் வீடு பார்க்கப் போன இடத்தில், குடும்பமாக வந்தால்தான் தருவோம் என்றாள் வீட்டுக்காரி நிர்மலா. தன் கணவர் மாசத்துக்கு ஒரு தடவை வந்து போவார் என்றாள் வாணி. சொன்னதற்குத் தக்கபடி ஏதாவது செய்ய வேண்டுமே. பெட்டியில் ஏன் எடுத்து வைத்தோம் என்று தெரியாமல் எடுத்து வைத்திருந்த அவன் காக்கிச் சட்டையை ஞாயிற்றுக்கிழமை துவைத்து, கண்ணில் படுகிற மாதிரி கொடியில் போட்டாள். அடுத்த ஞாயிறும் போட்டாள். அழுக்கே ஆகாத சட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது, எதற்காகத் தேய்க்கிறோம் என்பது கைக்கு மறந்துபோக ஆரம்பித்தது. வேலையில் கேட்கிறவர்களுக்கும் பதில் தயாராக இருந்தது. மலையில மழையாம், கிழங்கு பிடுங்கல, அடுத்த மாசம் வருவாரு.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, வாசலில் நிர்மலாவிடம் இலக்கியா சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா நேத்து வந்துட்டுப் போனாரு ஆன்ட்டி. நீங்க தூங்கிட்டீங்க." யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாணி மகளை உள்ளே அழைத்துப் போய், ஏண்டி அப்படிச் சொன்ன என்று கேட்கப் போனாள். கேட்கப் பயந்து, விட்டுவிட்டாள்.

புரட்டாசியில் கெடு முடிந்தது. வாணிக்கு லீவு கிடைக்கவில்லை. வீரமுத்துதான் முன்னால் நின்று சாந்தி செய்து, வீட்டைக் கழுவி, கதவைத் திறந்து வைத்தான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அண்ணன் போனிலிருந்து பெரியம்மாள் பேசினாள். போனில் பேசிப் பழக்கம் இல்லாதவள், மூச்சுத்தான் முதலில் கேட்டது.

"வாணி."

"சொல்லு அத்த. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. ஆனா அவன் இங்க இல்ல வாணி. இன்னிக்கிப் போனவன் இல்ல. நீ போன அன்னிக்கே கெளம்பிட்டான். அதுக்கப்பறம் நான் சோறு வெச்சிட்டு வெச்சிட்டுக் கூப்புட்டுப் பாத்தன். வூடு வெறிச்சினு கெடக்குது." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அங்க வந்தானா?"

வாணி கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். கொடியில் காக்கிச் சட்டை ஈரத்தோடு தொங்கியது. இல்லை என்று சொன்னால் அந்தக் கிழவிக்கு இனி எங்கேயும் மகன் இல்லை. அது ஒன்று. ஆனால் அதற்காக மட்டும் சொன்னாள் என்றும் சொல்ல முடியாது.

"ஆமா அத்த. இங்கதான் இருக்காரு."

"சாப்ட்டானா?"

"இப்பதான் அத்த. சாப்ட்டுட்டுப் படுத்துக்கினு இருக்காரு."